ஏரியடியில் ஒரு பழுப்புத் தோல்

குமாவுன் மலையிலுள்ள நைனிதால் ஏரியின் அடிநீருக்குள் 2007 முதல் குழாய்கள் வழியே காற்று செலுத்தப்படுகிறது. அடிநீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள பாஸ்பரஸ் வெளியேறாது, அது வெளியேறாவிட்டால் பாசி பெருகாது என்பது இத்தகைய திட்டங்களைத் தாங்கும் கருத்துகளுள் ஒன்று. அக்கருத்தின் வரலாற்றில் முற்பாதியே வகுப்பறைகளில் பேசப்படுகிறது. பிற்பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இப்பதிவு.

நீரில் கரைந்த ஆக்சிஜனை எளிதாக அளக்கும் வழியை 1888இல் புடாபெஸ்ட்டைச் சேர்ந்த லாயோஷ் விங்க்லர் வெளியிட்டார். காரத்தில் வீழ்படியும் மாங்கனீசு ஹைட்ராக்சைடு நீரிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிப் பழுப்பாகிறது. அமிலமும் அயோடைடும் சேர்ந்ததும் அதற்கு ஈடான அயோடின் விடுபடுகிறது. அதைத் தயோசல்பேட்டால் தரம்பார்க்கிறோம். நம் கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் நடப்பது இதுவே. இம்முறையைக் கொண்டு விஸ்கான்சின் ஏரிகளை மேலிருந்து அடிவரை அளந்த பர்ஜும் ஜூடேயும் 1911இல் தம் முடிவுகளை நூலாக்கினர். கோடையில் இலேசான வெந்நீர் மேலே மிதக்க, குளிர்ந்த அடிநீர் காற்றோடு தொடர்பற்றுப் போகிறது. மேலிருந்து விழும் மடிந்த பாசியைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன.

தீர்ந்தபின் என்ன ஆகிறது? இரும்பின் சுழற்சியும் பாஸ்பேட்டின் சுழற்சியும் பிணைந்தவை என்று 1936இல் ஜெர்மனியில் ஐன்செலே எழுதினார். அதை விரிவாக நிறுவியவர் இங்கிலாந்தின் கிளிஃபர்ட் மார்ட்டிமர். எஸ்த்வைட் வாட்டர் ஏரியின் சேற்றையும் நீரையும் தொட்டிகளில் இட்டு, ஒன்றைக் காற்றுக்குத் திறந்துவைத்தார்; மற்றொன்றை மூடினார். பிளாட்டினம் மின்முனைகளால் சேற்றின் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தத்தை அளந்தார். ஆக்சிஜன் உள்ளபோது சேற்றின் மேல் சில மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு பழுப்புத் தோல் இருந்தது. அதிலுள்ள ஃபெரிக் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டது. சேற்றை ஒட்டிய நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதும் அத்தோல் மறையத் தொடங்கியது. முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, பின்னர் 0.3 முதல் 0.2 வோல்ட் அளவில் இரும்பு ஒடுக்கமடைந்தன. கரைந்த ஃபெரஸ் இரும்போடு பாஸ்பேட்டும் நீருக்குள் ஏறியது. 1941, 1942ஆம் ஆண்டுகளில், போருக்கு நடுவே, இக்கட்டுரைகள் வெளிவந்தன.

மொழியியல் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 'ஆக்சிஜனேற்றம்' என்ற நம் கலைச்சொல், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நைட்ரேட்டும் இரும்பும் சல்பேட்டும் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ளும் நிலையை மறைத்துவிடுகிறது. 'ஒடுக்கம்' அதைவிட வேடிக்கை: இரும்பு ஒடுங்கும்போதுதான் பாஸ்பேட் விடுதலை பெறுகிறது.

மார்ட்டிமரின் சித்திரம் அழகானது. அழகாக இருந்ததாலேயே அது நடைமுறைத் திட்டமாகவும் மாறியது. சுவிட்சர்லாந்தின் பால்டெக், சேம்பாக் ஏரிகளில் 1980களின் முற்பகுதியில் செயற்கைக் கலக்கலும் ஆக்சிஜன் ஊட்டலும் தொடங்கின. அடிநீரில் ஆக்சிஜன் உயர்ந்தது. ஆனால் பத்தாண்டு அளவீடுகளை 1998இல் தொகுத்த கெஹ்டரும் வேர்லியும், சேற்றிலிருந்து பாஸ்பரஸ் வெளிவருவது அதனால் குறையவில்லை என்று காட்டினர். ஏரியில் பாஸ்பரஸ் குறைந்தது உண்மையே. வெளியிலிருந்து வரும் வரத்தைக் கட்டுப்படுத்தியதே அதற்குக் காரணம்.

ஏன் இப்படி? மேல்நீரில் ஆக்சிஜன் இருந்தாலும், கரிமப்பொருள் மிகுந்த சேற்றுக்குள் அது சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. அதற்குக் கீழே சல்பேட் ஒடுங்கிச் சல்பைடாகிறது. சல்பைடு இரும்பைப் பிடித்துக் கறுத்த இரும்பு சல்பைடாக்கிப் புதைக்கிறது. அப்போது பாஸ்பேட்டைக் கட்டிவைக்கப் போதிய இரும்பு மிஞ்சுவதில்லை. மார்ட்டிமர் கண்டது பிழையன்று. அவருடைய தோல் பூட்டாகச் செயல்பட இரும்பு வேண்டும் என்ற நிபந்தனைதான் திட்டங்களுக்குள் வரும் வழியில் உதிர்ந்துபோயிற்று.

ஆக்சிஜன் ஊட்டலால் மீன்கள் பிழைக்கின்றன, துர்நாற்றம் குறைகிறது. அவை சிறிய பயன்கள் அல்ல. ஆனால் நைனிதாலிலோ நம் நகர ஏரிகளிலோ அது பாஸ்பரஸைக் கட்டுப்படுத்துமா என்ற வினாவுக்கு விங்க்லரின் குப்பி மட்டும் விடை தராது. சேற்றைத் தூண்போல எடுத்து, அடுக்கடுக்காக அறுத்து, அதிலுள்ள இரும்பில் எவ்வளவு சல்பைடோடு கட்டுண்டிருக்கிறது, எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.