குழாயின் எடை கண்ட வரலாறு

ஒரு நகரத்திற்குத் தண்ணீர் கொண்டுவருவதென்று முடிவானதும், பொறியியலார் முன்னர் எழும் முதற் கேள்விகளுள் ஒன்று, "குழாய்களின் மொத்த எடை எவ்வளவு?" என்பதாகும். உலோகத்தின் விலை எடையைப் பொறுத்தது. குழாய்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளின் தொகையும் எடையைப் பொறுத்தது. குழாயைத் தாங்கும் தூணின் பருமனும் அவ்வாறே. ஆதலின், ஒரு குழாயும் வார்க்கப்படுமுன்னரே அனைத்தின் எடையையும் காகிதத்தில் கண்டாக வேண்டும். இக்கணக்கு நம் காலத்தில் தோன்றியதன்று. இதற்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு.

கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமாபுரியில் வாழ்ந்தவர் விட்ருவியஸ். கட்டடக்கலை பற்றிப் பத்துப் பகுதிகளாக நூலொன்று எழுதி, அகஸ்டஸ் சக்கரவர்த்திக்கு அதனைக் காணிக்கையாக்கினார். அதன் எட்டாம் பகுதி நீரைப் பற்றியது. அங்கே ஈயக் குழாய்களின் எடையை அவர் வரிசைப்படுத்துகிறார்.

அக்காலத்தில் ஈயக் குழாய் செய்த முறையை முதலில் அறிந்துகொள்வோம். ஈயத்தை உருக்கித் தட்டையான தகடாக வார்ப்பர். அத்தகட்டை ஓர் உருளையின்மேல் வளைத்து, இரு விளிம்புகளையும் சேர்த்துப் பற்றவைப்பர். வளைக்குமுன் தகடு எத்தனை விரற்கடை அகலமோ, அதுவே குழாயின் பெயர். நூறு விரற்கடை அகலமுள்ள தகட்டினால் ஆனது நூற்று விரற்குழாய். ஐந்து விரற்கடைத் தகட்டினால் ஆனது ஐவிரற்குழாய். பத்தடி நீளத்திற்கு முன்னது 1,200 ரோம இராத்தல் இருக்க வேண்டும் என்கிறார் விட்ருவியஸ். ஐம்பது விரற்குழாய் 600 இராத்தல், இருபது விரற்குழாய் 240, ஐவிரற்குழாய் 60.

இவ்வெண்களைச் சற்று ஊன்றி நோக்குக. ஒவ்வொரு விரற்கடைக்கும் பன்னிரண்டு இராத்தல் என்பது விளங்கும். அப்படியானால், சிறிய குழாயாயினும் பெரிய குழாயாயினும் தகட்டின் கனம் ஒன்றே. அக்கனம் எவ்வளவு என்பதை நாமே கண்டறியலாம். ரோம அடி ஏறத்தாழ 29.6 சென்டிமீட்டர், அதில் பதினாறில் ஒரு பங்கு ஒரு விரற்கடை. ரோம இராத்தல் ஏறத்தாழ 327 கிராம். எனவே நூறு விரற்கடைத் தகட்டின் பரப்பு சுமார் 5.48 சதுரமீட்டர், எடை சுமார் 392 கிலோகிராம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஈயத்தகடு சதுரமீட்டருக்கு 11.34 கிலோ நிற்கும். வகுத்துப் பார்த்தால், தகட்டின் கனம் 6.3 மில்லிமீட்டர் என்று வருகிறது. எடையைச் சொன்னவர் கனத்தைச் சொல்லவில்லை. ஆயினும் எடைக்குள்ளே கனம் அடங்கியிருக்கிறது!

இதில் ஓர் அரிய பயன் உண்டு. ஒப்பந்தக்காரர் குழாயின் இரு முனைகளையும் தடிப்பாகவும் நடுப்பகுதியை மெல்லியதாகவும் செய்துவிட்டால், கண்ணால் காண இயலாது. தராசில் ஏற்றினால் குறை வெளிப்பட்டுவிடும். மண்ணுக்குள் புதையுமுன் பொதுமக்களின் பணத்திற்குக் காவலாக நிற்பது எடையே.

கி.பி. 97-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் நீர் மேற்பார்வையாளராக அமர்ந்தவர் பிரான்ட்டினஸ். அவர் தம் நூலில் ஒரு நுட்பமான ஐயத்தை எழுப்பினார். தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. ஆகவே தகட்டின் அகலத்தைக்கொண்டு குழாயின் அளவைக் குறிப்பது உறுதியான முறையன்று என்றார் அவர். தகட்டின் எடை வளைப்பதால் மாறாது. ஆனால் முடிந்த குழாயை முன்வைத்து எடையைக் காணப் புகுந்தால், வெளிச்சுற்றளவை எடுப்பதா, உட்சுற்றளவை எடுப்பதா என்னும் கேள்வி பிறக்கிறது. முன்னதை எடுத்தால் விடை மிகும். பின்னதை எடுத்தால் குறையும். இரண்டிற்கும் நடுவிலுள்ள சுற்றளவே சரியானது.

இன்று பொறியியலார் கையாளும் வாய்பாடு இந்நடுச் சுற்றளவையே அடிப்படையாகக் கொண்டது. வெளிவிட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, வந்ததை 3.1416 ஆல் பெருக்கினால் நடுச் சுற்றளவு கிடைக்கும். அதனைக் கனத்தாலும் நீளத்தாலும் உலோகத்தின் அடர்த்தியாலும் பெருக்கினால் எடை. குழாயை மனத்திலே பிளந்து மீண்டும் தகடாக விரிப்பதன்றி இது வேறில்லை.

எல்லாக் குழாய்க்கும் ஒரே கனம் போதுமா? இவ்வினாவுக்கு விடை பிரான்சு நாட்டிலிருந்து வந்தது. வெர்சேல்ஸ் அரண்மனையின் நீர்க்குழாய்களுக்காக மாரியட் என்னும் அறிஞர் சோதனைகள் செய்தார். நீர் நிறைந்த உருளைக் கலம் ஒன்றின்மேல் நெடிய குழாயை நிறுத்தி, கலம் வெடிக்கும் வரையில் நீர்மட்டத்தை உயர்த்தினார். நீரின் அழுத்தம் மிக மிகக் கனமும் மிகவேண்டும். விட்டம் இரட்டித்தால் கனமும் இரட்டிக்கவேண்டும் என்று கண்டார். அவர் நூல் 1686-இல் வெளிவந்தது. இதனால், ஒரே அழுத்தத்தில் விட்டம் இரு மடங்கானால் எடை நான்கு மடங்காகும் என்பது பெறப்படுகிறது. ரோமாபுரியின் பட்டியலில் பெரிய குழாய்களே வலிமை குன்றியவை என்பதும் தெளிவாகிறது.

இக்கணக்கின் மேல் ஒரு நாடே தன் செல்வத்தை வைத்த கதையும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் கூல்கார்டி, கல்கூர்லி என்னும் இடங்களில் 1892, 1893 ஆகிய ஆண்டுகளில் பொன் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. பெர்த் நகருக்கு அண்மையில் அணை கட்டி, சுமார் 530 கிலோமீட்டர் தொலைவுக்கு எஃகுக் குழாய் வழியே நீரை இறைத்து அனுப்பத் தலைமைப் பொறியியலார் சார்லஸ் ஓ'கானர் திட்டமிட்டார். குழாயின் விட்டம் 30 அங்குலம். நீளம் 28 அடி. கனம் பெரும்பாலும் கால் அங்குலம். நம் வாய்பாட்டில் இட்டுப் பாருங்கள்: மீட்டருக்குச் சுமார் 120 கிலோ, குழாய் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு டன். தேவைப்பட்ட குழாய்களோ அறுபதாயிரத்துக்கும் மேல்! ஆக, அறுபதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட எஃகைக் கடல் கடந்து கொணர்ந்து, அந்நாட்டிலேயே குழாயாக வளைத்துப் பாலைநிலத்தில் பரப்ப வேண்டியிருந்தது.

இது நடவாத செயலென்று பலர் எள்ளினர், பழியும் சுமத்தினர். மனம் உடைந்த ஓ'கானர் 1902 மார்ச் 10-ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1903 சனவரி 24-ஆம் நாள் கல்கூர்லியில் நீர் வழங்கும் விழா நடைபெற்றது. அவர் போட்ட கணக்குப் பொய்க்கவில்லை. அதைக் காண அவர்தாம் இல்லை.

மாணவர்களே, உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ கிடக்கும் ஒரு குழாய்த்துண்டை எடுங்கள். நூல் கொண்டு சுற்றளவையும், அளவுகோல் கொண்டு கனத்தையும் நீளத்தையும் அளந்து எடையைக் கணக்கிடுங்கள். பின்னர்த் தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மகிழுங்கள். ஒவ்வாவிடில், ஏன் என்று கேளுங்கள். பிரான்ட்டினஸும் அப்படித்தான் கேட்டார்.