ஆற்றங்கரைப் படமும் இரண்டு நிமிடமும்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் ஒரு பாட்டிக்குப் பக்கவாதத்தால் வலது கை, கால் விழுந்து, வாயும் கோணிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "பேச்சு வரல" என்கிறாள் மகள். நாக்குதான் குழறுகிறதா, அல்லது மூளையில் மொழியே குலைந்துவிட்டதா? பின்னதுதான் மொழியிழப்பு. அதற்கான பயிற்சியும் வேறு. பேச்சுப் பயிற்சியாளர் கைக்கெட்டாத இடத்தில் இதைப் பிரித்தறிய இரண்டு சோதனைகள் உதவும். ஒன்று இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உருவாகி 1987இல் வெளியான ஃப்ரென்சே. மற்றது 2011இல் பிரான்சிலிருந்து வந்த லாஸ்ட்.

ஃப்ரென்சேயில் 30 மதிப்பெண். அட்டையின் ஒரு பக்கம் ஆற்றங்கரைக் காட்சி, மறுபக்கம் வடிவங்கள். சொன்னதைத் தொட்டுக் காட்ட வேண்டும், படத்தை விவரிக்க வேண்டும், விலங்குகளின் பெயர் சொல்ல வேண்டும். வாசிப்புக்கும் எழுத்துக்கும் ஐந்தைந்து. பள்ளி வாசலை மிதிக்காத பாட்டி, நோயே இல்லாத நாளிலும் அந்தப் பத்தை இழந்திருப்பார். சதுரம், கூம்பு என்பவை பாடப்புத்தகச் சொற்கள், அவற்றிலும் தடுமாறுவார். படிப்பின்மையை நோயாக எண்ணிவிடும் சோதனை அநியாயமானது. இந்தியாவில் தெலுங்கு, கன்னடத் தழுவலைச் செய்தவர்கள் இதை உணர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 20 மதிப்பெண் கணக்கைத் தனியே வைத்தார்கள்.

லாஸ்டில் எழுத்து வேலையே கிடையாது. ஐந்து படங்களுக்குப் பெயர், ஒரு சொல்லையும் ஒரு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லுதல், ஒன்று முதல் பத்து வரை எண்ணுதல், சொன்ன படத்தைச் சுட்டிக்காட்டுதல், மூன்று கட்டளைகளைச் செய்தல்: மொத்தம் 15. சுமார் இரண்டு நிமிடம் போதும். இணையான இரு வடிவங்கள் இருப்பதால், மறுநாள் சோதிக்கும்போது நினைவிலிருந்து விடை வராது. செயலிழந்த வலக்கையில் பேனாவைத் திணிக்கவும் வேண்டாம். மருத்துவமனைப் படுக்கையருகே எனக்கு இதுவே சரியெனப் படுகிறது. ஆனால் கடிதமும் கணக்கும் எழுதிப் பிழைத்த ஒருவர் எதை இழந்தார் என்பதை லாஸ்ட் காட்டாது. அங்கே ஃப்ரென்சே வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், தமிழுக்கு மொழிபெயர்த்தவுடன் வேலை முடிவதில்லை. வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தமிழில், வாக்கியத்தின் நீளத்தைச் சொல்லெண்ணிக்கையால் அளந்தால் தப்பாகும். அசைகளையும் எண்ண வேண்டும். ஒரே நோயாளிக்கு இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி போன்ற விரிவான சோதனையோடும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன், பக்கவாதமே வராத, பள்ளிக்குப் போகாத பெரியவர்களைக் கிரிவலப் பாதை ஊர்களில் சோதிக்க வேண்டும். லாஸ்டில் 15க்கு ஒன்று குறைந்தாலே குறைபாடு என்று கணக்கு. ஒரு படம் பழக்கமற்றதாக இருந்தால் போதும், நல்ல நிலையில் இருப்பவரும் நோயாளியாகிவிடுவார். அப்படிப் பலரைத் தடுமாறவைக்கும் படத்தை மாற்றிவிட்டுத்தான் வார்டுக்குள் நுழைய வேண்டும்.