வெல்லத்துக்குள் சர்க்கரை!

1858, அக்டோபர் 30, சனிக்கிழமை. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊர். சந்தையில் வில்லியம் ஹார்டேக்கர் என்பவரின் மிட்டாய்க் கடையில் நல்ல கூட்டம். புதினா மிட்டாய் வாங்கிப்போன வீடுகளில், மறுநாள் குழந்தைகள் சாக ஆரம்பித்தார்கள். முதலில் காலரா என்று நினைத்தார்கள். இல்லை, ஆர்சனிக்! சுமார் 20 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் படுத்த படுக்கையானார்கள்.

மிட்டாயில் ஆர்சனிக்குக்கு என்ன வேலை?

சர்க்கரை அன்றைக்கு அங்கே விலை உசத்தி. வரி வேறு. அதனால் சர்க்கரையோடு ஜிப்சம் மாதிரி ஏதாவது வெள்ளைப் பொடியைக் கலப்பது மிட்டாய்க்காரர்களின் வழக்கம். அந்தப் பொடி வாங்க மருந்துக் கடைக்கு ஆள் போனபோது, கடைப்பையன் வேறு பீப்பாயில் இருந்து 12 பவுண்டு அள்ளிக் கொடுத்துவிட்டான். மூன்று பேர் மீது வழக்கு. ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஊர் கொதித்தது. 1860-ல் பிரிட்டனில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்ததற்கு இந்த மிட்டாயும் ஒரு காரணம்.

ஆக, சர்க்கரை ராஜாவாக இருந்த காலத்தில் அதில் மட்டமானதைக் கலந்தார்கள். இந்தக் கதையை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். நாமக்கல் வந்துவிடும்!

பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம், கபிலர்மலை பக்கமெல்லாம் கரும்பு. கரும்பு இருக்கிற இடத்தில் வெல்ல ஆலைக் கொட்டகை. கொப்பரையில் சாறு கொதிக்கும். அழுக்கு திரண்டு மேலே வர சுண்ணாம்பு போடுவார்கள். வெண்டைச் செடித் தண்டை நசுக்கி அந்தக் கொழகொழப்பை ஊற்றுவதும் உண்டு. பாகு இறுகியதும் உருண்டை அல்லது அச்சு. 30 கிலோ சிப்பமாகக் கட்டி பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும். சேலத்துக்காரர்களுக்கு செவ்வாய்ப்பேட்டை மண்டி. இயல்பாக வரும் வெல்லம் பழுப்புதான்.

இதற்குள் சர்க்கரை எப்போது நுழைந்தது? அதற்கு 1932-க்குப் போக வேண்டும். வெளிநாட்டுச் சர்க்கரையிடம் இருந்து உள்ளூர் ஆலைகளைக் காப்பாற்ற அந்த வருடம் ஒரு சட்டம் போட்டார்கள். அதற்கு முன் நாடு முழுக்க இருந்தது சுமார் 30 ஆலைகள். சில வருடங்களிலேயே எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. பின்னாளில் மோகனூரிலும் ஒரு கூட்டுறவு ஆலை வந்தது. சர்க்கரை பெருகிப் பெருகி, ‘இதற்குக் கீழே விற்காதே’ என்று மத்திய அரசே 2018-ல் கிலோவுக்கு 29 ரூபாய் என்று ஆலை விலையை நிர்ணயிக்க வேண்டி வந்தது. 2019-ல் அது 31 ரூபாய்.

இனி கணக்குதான். ஒரு டன் கரும்பைப் பிழிந்து, மணிக்கணக்கில் காய்ச்சினால் கிடைப்பது ஏறக்குறைய 100 கிலோ வெல்லம். வெட்டுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் உண்டு. மூட்டைச் சர்க்கரையைக் கொப்பரையில் கொட்டினால், கொட்டிய எடை அநேகமாக அப்படியே கையில். வெல்லத்தின் விலை சர்க்கரையைத் தாண்டும்போதெல்லாம் சபலம் வரத்தான் செய்யும். கூடவே நிறமும் வெளுக்கும். போதாததற்கு ‘ஹைட்ரோஸ்’ என்கிற சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். துணிச் சாயத் தொழிலில் புழங்கும் ரசாயனம் அது. போட்டதும் வெல்லம் பளீர் மஞ்சளாகும். வைத்திருந்தால் மறுபடி கறுக்கும். அதற்குள் வியாபாரம் முடிந்திருக்கும்!

உணவுப் பாதுகாப்புத் துறை இரண்டு மாவட்டங்களிலும் கொட்டகைகளுக்குள் புகுந்து சர்க்கரை மூட்டைகளைப் பறிமுதல் செய்திருக்கிறது. சட்டத்துக்கும் பஞ்சமில்லை. சென்னை மாகாணத்தில் 1918-லேயே கலப்படத் தடைச் சட்டம் இருந்தது. பிறகு 1954, அப்புறம் 2006. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ். சர்க்கரையும் சுக்ரோஸ். கொட்டகையில் மூட்டையைப் பிடிக்கலாம். உருண்டையான பிறகு பரிசோதனைக்கூடத்தில் பிரித்துக் காட்டுவது கஷ்டம். பிராட்ஃபோர்டு மாதிரி யாரும் செத்து விழுவதும் இல்லை. அதனால் ஊரும் கொதிப்பதில்லை.

கடலைமிட்டாய் பாக்கெட்டின் பின்பக்கம் ‘வெல்லம்’ என்று போட்டிருக்கும். பொய் இல்லை. அவர் மண்டியில் வாங்கியது வெல்லம்தான். அதற்குள் என்ன இருந்தது என்பது கொட்டகையோடு போயிற்று. ‘சர்க்கரை வேண்டாம்’ என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோவது அதே சர்க்கரையாக இருக்கலாம். நீரிழிவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சுத்த வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

நிஜமான நஷ்டம் யாருக்கு? எதையும் கலக்காமல் காய்ச்சுகிறவருக்கு. அவருடைய பழுப்புச் சிப்பம் ஏலத்தில் மஞ்சள் சிப்பத்துக்குப் பின்னால் நிற்கிறது. விலையை வைப்பது வியாபாரி என்றாலும், அவர் பார்ப்பது நம் கண்ணை வைத்துத்தான். அடுத்த பொங்கலுக்குக் கடையில் கறுத்த வெல்லமாகக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் மண்டிக்கு அது காதில் விழும்.