மான் தோலின் வரலாறு: காசு முதல் கண்காட்சி வரை

அமெரிக்கர்கள் டாலரைப் பேச்சுவழக்கில் ‘பக்’ என்பார்கள். பக் என்றால் ஆண் மான். பணத்திற்கும் மானுக்கும் என்ன சம்பந்தம்?

18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் காட்டுப் பகுதிகளில் நாணயப் புழக்கம் மிகக் குறைவு. அங்கே மான் தோல்தான் பணம். பென்சில்வேனியாவின் தூதராக ஓஹியோ பகுதிக்குச் சென்ற கான்ராட் வைசர், 1748இல் எழுதிய நாட்குறிப்பில் ஒரு பீப்பாய் விஸ்கியின் விலையை 5 பக் என்று குறிப்பிட்டிருக்கிறார். டாலருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இந்தத் தோல் வணிகமே காரணம் என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

இந்த வணிகம் சின்ன அளவில் நடந்ததல்ல. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து மட்டும் 1699 முதல் 1715 வரை ஆண்டுக்குச் சராசரியாக 54,000 தோல்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அங்கே அவை கையுறைகளாகவும் கால்சட்டைகளாகவும் மாறின. வேட்டையாடிக் கொடுத்தவர்கள் செரோக்கி, கிரீக் போன்ற பூர்வகுடி மக்கள். பதிலுக்குத் துப்பாக்கி, துணி, ரம் கிடைத்தது. பெரும்பாலும் எல்லாம் கடன்தான்! பொருளை முதலில் வாங்கிக்கொண்டு, வேட்டைக் காலம் முடிந்ததும் தோலாகக் கட்ட வேண்டும். மான் குறையக் குறையக் கடன் ஏறியது. கடைசியில் 1773இல் அகஸ்டாவில் செய்த ஒப்பந்தப்படி, வணிகர்களுக்குப் பட்ட கடனுக்காக அவ்விரு மக்களும் 20 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை ஜார்ஜியாவிடம் விட்டுக்கொடுத்தார்கள். தோலில் தொடங்கிய கணக்கு நிலத்தில் முடிந்தது.

கையுறை தைப்பவருக்குத் தோலின் எடையும் மென்மையும் போதும். மேலிருக்கும் முடி வெறும் குப்பை, சுரண்டி எறிந்துவிடுவார்கள். ஆனால் அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் முடியோடும் இறகோடும் தோலைக் காக்க வேண்டிய இன்னொரு கூட்டம் உருவானது. அவர்கள் இறந்த விலங்குகளைப் பாடம் செய்து வைக்கும் இயற்கை ஆர்வலர்கள்.

அவர்களுடைய பெரிய எதிரி பூச்சி. எவ்வளவு அழகாகப் பாடம் செய்தாலும் சில ஆண்டுகளில் புழு அரித்துவிடும். பிரான்சின் மெட்ஸ் நகரைச் சேர்ந்த ழான் பப்தீஸ்த் பெக்கூர் இதற்கு ஆர்சனிக், கற்பூரம், சோப்பு முதலியவற்றைக் கலந்து ஒரு மருந்து செய்தார். செய்முறையை வெளியில் சொல்லாமலே 1777இல் இறந்துபோனார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அச்சில் வந்த பிறகுதான் எல்லா அருங்காட்சியகங்களுக்கும் பரவியது. பூச்சி செத்தது. ஆனால் ஆர்சனிக் மனிதனுக்கும் விஷம் அல்லவா? பழைய பாடம் செய்த விலங்குகளை ஊழியர்கள் இன்றும் கையுறை போட்டுத்தான் தொடுகிறார்கள்.

பூச்சித் தொல்லை தீர்ந்தாலும் உருவம் சரியாக வரவில்லை. தோலைத் தைத்து உள்ளே வைக்கோலைத் திணித்தால் மான் மூட்டை மாதிரிதான் இருக்கும். இதை மாற்றியதில் கார்ல் எய்க்லிக்குப் பெரும் பங்கு உண்டு. முதலில் களிமண்ணில் தசையும் நரம்புமாக முழு உடலைச் செதுக்குவார். அதற்கு பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அந்த அச்சிலிருந்து கனமில்லாத கூடு ஒன்றைச் செய்து, அதன் மேல் தோலைப் போர்த்துவார். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம் 1902இல் வாங்கிய இவருடைய நான்கு காட்சிகளில், வெள்ளைவால் மான்கள் நான்கு பருவங்களிலும் நிற்கின்றன. மனைவி டீலியாவும் சேர்ந்து ஆயிரக்கணக்கான மெழுகு இலைகளைச் செய்தார். கோடையில் செந்நிறக் குட்டை முடி, குளிர்காலத்தில் சாம்பல் கலந்த அடர்ந்த முடி. ஒரே இன மானின் தோல் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பதை அந்தக் கூடத்தில் நடந்தபடியே பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் இன்று முதன்முதலாக ஒரு மான் தலையைப் பாடம் செய்யப் பழகுகிறவர் தோல் வாங்கும்போது பார்ப்பதெல்லாம் இந்த வரலாறு கற்றுத் தந்தவையே. பதனிடாத தோலில் மருந்துப் பொடி மட்டும் தடவி மாட்டினால், காயும்போது சுருங்கித் தையலைப் பிளக்கும், உதட்டை இழுக்கும். நன்றாகப் பதனிட்ட தோல் இழுத்த பக்கம் வரும், சுருக்கமும் குறைவு. தவறைத் திருத்த நேரமும் கிடைக்கும். அடுத்தது முடி. விரலால் மெல்ல இழுத்தால் கையோடு வருகிறதா? அப்படியானால் உப்புப் போடுவதற்கு முன்பே வேர் அழுகிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தோலை எந்தக் கைத்திறனாலும் காப்பாற்ற முடியாது. கண், உதடு, காது ஓரங்களில் கிழிசல் இருக்கக் கூடாது. தோள் வரை வைப்பதாக இருந்தால் தோளுக்குப் பின்னால் தாராளமாக விட்டு வெட்டியிருக்க வேண்டும். குளிர்காலத் தோல் என்றால் புதியவரின் கோணல் தையலை நீண்ட முடி மறைத்துவிடும்! உள்ளே வைக்கும் உருவம் இன்று கடையில் கிடைக்கும் ஃபோம். அதையும் தோலின் கழுத்துச் சுற்றளவை அளந்த பிறகே வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: இந்தத் தோல் எங்கிருந்து வந்தது? தோலுக்கும் இறைச்சிக்குமாக வேட்டையாடியதில், 1900 வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் ஏறக்குறைய 5 லட்சமாகக் குறைந்துவிட்டன என்று மதிப்பிடுகிறார்கள். சட்டவிரோதமாக வேட்டையாடியதை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதை அதே 1900இல் லேசி சட்டம் தடுத்தது. வேட்டைக்குப் பருவமும் அளவும் வந்தன. இன்று அங்கே சுமார் 3 கோடி மான்கள்.

நம் நாட்டில் கதை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானையோ கடமானையோ வேட்டையாடுவதும் அதன் தோலை விற்பதும் குற்றம். தாத்தா காலத்து மான் தோல் ஆசனம் வீட்டில் இருந்தாலும் அதற்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும்.

ஒரு காலத்தில் எத்தனை தோல் என்பதுதான் கணக்கு. அப்புறம் எத்தனை அழகு என்று பார்த்தார்கள். இப்போது யாருடைய அனுமதியோடு என்று கேட்கிறோம். இந்த மூன்றாவது கேள்வி 200 ஆண்டுகள் முன்னால் எழுந்திருந்தால் எத்தனை காடுகள், எத்தனை ஊர்கள் பிழைத்திருக்கும்?