விட்டுவைத்த இரும்பு

மோட்டார் இயந்திரத்தின் வலுவைப் பெருக்க எண்ணுவோர்க்குப் பழகிய வழி ஒன்று உண்டு. உருளையின் உட்சுவரைக் குடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவதே அது. உருளை அகன்றால் உள்ளே புகும் காற்றும் பெற்றோலும் மிகும். எரியும்போது எழும் ஆற்றலும் மிகும். ஆனால், குடையக் குடையச் சுவர் மெலிகின்றது. மெலிந்த சுவர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வட்டவடிவை இழக்கும். பிஸ்டன் வளையங்கள் அதனோடு பொருந்தமாட்டா. ஈற்றில் வெடிப்பும் உண்டாகும். தடித்த உட்குழல் செருகியும், தாங்கிகளின் மூடிகளையும் ஆணிகளையும் உறுதியாக்கியும் வலுவூட்டுதல் கூடுமாயினும், அவற்றுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையை வகுப்பவர் பட்டறையிற் குடைபவர் அல்லர். புளொக்கு என வழங்கும் இயந்திர உடலை முதன்முதல் வரைந்தவரே. ஜேர்மனியிற் பிறந்த ஓர் இயந்திரத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1959ஆம் ஆண்டின் இறுதியில் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் பெருநட்டத்துட் சிக்கி, டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறும் நிலையில் நின்றது. டிசம்பர் 9ஆந் திகதி மியூனிக் நகரிற் கூடிய பங்குதாரர் அவ்வேற்பாட்டை மறுத்தனர். நிறுவனம் தனித்து வாழவேண்டுமாயின், நடுத்தர அளவினதாகிய புதிய வண்டியொன்று வேண்டியிருந்தது. அதற்கு 1.3 லீற்றர் இயந்திரம் போதுமென நிருவாகத்தினர் கருதினர். இயந்திரப் பகுதியின் தலைவராக விளங்கிய அலெக்ஸ் வொன் பல்கன்ஹவுசன் அதற்கு இசைந்தாரல்லர். தாமே பந்தய வண்டிகளை அமைத்தும் ஓட்டியும் பழகிய அவர், 1.5 லீற்றருக்குக் குறையலாகாது என்றும், பின்னர் 2 லீற்றர் வரை வளர்வதற்கு இடம் இருத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்தி வென்றார். உயிர் பிழைக்கப் போராடும் நிறுவனமொன்று, அன்றைக்குத் தேவைப்படாத இரும்பையும் சேர்த்து வார்க்க உடன்பட்டதென்பது சிறிய செய்தியன்று.

1961இல் பிராங்போர்ட் காட்சியில் வெளிவந்த வண்டியின் இயந்திரம் 80 குதிரைவலு உடையது. நான்கு உருளைகளின் நடுப்புள்ளிகள் ஒன்றுக்கொன்று 100 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைந்தன. உருளையின் விட்டமோ 82 மில்லிமீற்றர். எனவே அடுத்தடுத்த இரு துளைகளுக்கிடையே 18 மில்லிமீற்றர் எஞ்சியது. மூன்று தாங்கிகளே போதுமெனப் பலர் கருதிய அக்காலத்தில் இதன் கிராங்குத் தண்டை ஐந்து தாங்கிகள் தாங்கின. எஞ்சிய இடம் விரைவிற் பயன்பட்டது. விட்டம் முதலில் 84 ஆகவும், 1960களின் நடுப்பகுதியில் 89 ஆகவும் வளர்ந்தது. இடைவெளி 11 மில்லிமீற்றராகக் குறைந்தது.

பந்தயக் களத்திலேதான் அதன் உறுதி முழுமையாகச் சோதிக்கப்பட்டது. 1973இல் ஐரோப்பிய இரண்டாந் தரப் போர்மியுலாப் பந்தயத் தொடரில் இவ்வழிவந்த இயந்திரம் வெற்றி கண்டது. பின்னர் போல் ரோஷே என்ற பொறியியலாளர், அதே வகைப் புளொக்கைக் கொண்டு முதற்றரப் பந்தயத்துக்குரிய 1.5 லீற்றர் இயந்திரத்தை அமைத்தார். உருளையின் விட்டம் 89.2 மில்லிமீற்றராகவே இருக்க, பிஸ்டன் செல்லும் தூரம் 60 மில்லிமீற்றராகக் குறுக்கப்பட்டது. டேர்போ என்னும் கருவி காற்றை நெருக்கி உட்செலுத்தியது. இதற்கென, 100,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய பழைய வண்டிகளின் புளொக்குகளையும் தேடி எடுத்தனர் என்பது வியப்பூட்டும் செய்தியாகும். வார்ப்பிரும்பு ஆறும்போது அதனுள் இழுவிசைகள் தங்கிவிடும். பலமுறை சூடேறி ஆறிய புளொக்கில் அவை தணிந்திருக்கும். பின்னர் அது எளிதிற் கோணாது.

தொடக்கம் இனிதாயிருக்கவில்லை. 1982 யூன் மாதத்தில் டெற்றோயிற் நகரில் நெல்சன் பிக்கே போட்டிக்குத் தகுதிபெறவே தவறினார். அடுத்த வாரமே மொன்றியல் நகரில் அதே வகை இயந்திரத்தால் வென்றார். 1983இல் அலன் புரோஸ்ற் என்பவரை இரு புள்ளிகளால் முந்தி உலக வீரரானார். டேர்போ இயந்திரமொன்று ஓட்டுநர்க்கு உலகப் பட்டத்தைப் பெற்றுத்தந்தது அதுவே முதன்முறை. குடும்ப வண்டிக்கென 80 குதிரைவலுவுடன் பிறந்த புளொக்கு அப்போது 600க்கும் மேற்பட்ட குதிரைவலுவைத் தாங்கியது.

1986இல் வந்த எம்3 வண்டியில் அப்புளொக்கின் வழித்தோன்றல் 93.4 மில்லிமீற்றர் விட்டமுடையதாயிற்று. 1990ஆம் ஆண்டின் இறுதி வடிவில் விட்டம் 95 மில்லிமீற்றர். துளைகளுக்கிடையே எஞ்சியது 5 மில்லிமீற்றர் மட்டுமே. பதினெட்டில் பதின்மூன்றை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செலவிட்டு உண்டு முடித்தனர் எனலாம். பின்வந்தோர் பெற்ற புகழ் பெரிது. எனினும் அவர்கள் குடைந்தெடுப்பதற்கு இரும்பை விட்டுவைத்த முன்னோனின் கணக்கே அப்புகழுக்கு அடித்தளம்.