கூட்டம் எங்கே நடக்கிறது?

திருக்காட்டுப்பள்ளியில் டாஸ்மாக் கடைக்கு வழி கேட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. இன்னொரு கேள்வியை ஒருத்தி என்னிடம் கேட்டாள். நடவு வேலைக்குப் போகிறவள், கணவன் கொத்தனார். "குடியை விட்டவங்கல்லாம் கூடிப் பேசுற கூட்டம் ஒண்ணு இருக்காம்ல டீச்சர், அது எங்க நடக்குது?" ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி சொன்னாளாம். போன வருஷம் அவனை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப் பார்த்திருக்கிறாள். இரண்டாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. பல வருஷக் குடியை மருத்துவர் துணையில்லாமல் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கிய எனக்கும் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தேட ஆரம்பித்தேன்.

தேடியபோது 1935க்குப் போய்ச் சேர்ந்தேன். அமெரிக்காவின் ஆக்ரன் நகரம், மே மாதம். பில் வில்சன் என்ற பங்குத் தரகர் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. வந்த காரியம் முறிந்துபோய், ஹோட்டல் முகப்பில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசியும் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் தப்பிக்க முடியும் என்று ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றுகிறார். அந்த அழைப்புகள் கடைசியில் ஹென்றியட்டா சைபர்லிங் என்ற பெண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. மருத்துவர் பாப் ஸ்மித்தைக் குடியிலிருந்து மீட்க அவர் ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்தார். அன்னையர் தினத்தன்று தன் வீட்டில் இருவரையும் சந்திக்க வைத்தார். பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஐ ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. நிறுவனர்கள் இரண்டு ஆண்கள். கூடத்தைத் திறந்துவிட்டவர் அடிக்குறிப்பில் இருக்கிறார். பாபின் மனைவி ஆன் அந்தக் கோடையில் பில்லையும், பிறகு குடியை விட வந்த பலரையும் தன் வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டார்.

எனக்கு அதிகம் உறுத்தியது பில்லின் மனைவி லோயிஸின் கதை. குடிகாரக் கணவனைக் கடையில் வேலை பார்த்துக் காப்பாற்றியவர் அவர். 1939இல் இயக்கத்தின் 'பெரிய புத்தகம்' வந்தபோது அதில் மனைவிமாருக்கு என்று ஓர் அத்தியாயம் இருந்தது. எழுத விரும்பினார் லோயிஸ். எழுதியவர் பில், அதுவும் ஒரு மனைவியின் குரலில். பொறுமையாக இரு, அவனைக் குறை சொல்லாதே என்ற அறிவுரையைப் பெண்ணின் வாயில் வைத்துச் சொல்லும் கலை நம் ஊர் ஆண்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். அந்தக் காயம் தனக்கு இருந்ததை லோயிஸ் பின்னாளில் மறைக்கவில்லை. கணவன்மார் உள்ளே பேசிக்கொண்டிருக்க, வெளியே காத்திருந்த பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்ததிலிருந்து வளர்ந்ததுதான் அல்-அனான். 1951இல் அதற்கு லோயிஸ் வடிவம் கொடுத்தார். குடிப்பவன் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கென்று ஒரு நாற்காலி அங்கே உண்டு.

தமிழ்நாட்டில் இந்தக் கதை ஒரு மரணத்தில் தொடங்குகிறது. 1979இல் குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் மறு வருஷமே சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் தெரியும். குடிப்பவருக்குச் சிகிச்சை கொடுத்தால் மட்டும் போதாது, வீட்டாருக்கும் வேண்டும் என்பது அங்கே ஆரம்பம் முதலே இருந்த பிடிவாதம். 1989இல் அவர்கள் நம் டெல்டாவுக்கே வந்தார்கள். அன்றைய தஞ்சை மாவட்டத்தில், குடவாசல் பக்கம் உள்ள மஞ்சக்குடியில் கிராம முகாம் நடத்தினார்கள். ஊரே இடம் கொடுத்து, சாப்பாடு கொடுத்து, குடிப்பவர்களைப் பட்டணத்துக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தது. எங்கள் ஊர் காவிரியின் மேற்குத் தலைப்பில் இருக்கிறது. அந்த முகாமின் பேச்சு எங்கள் தெருவுக்கு எட்டியதாக நினைவில்லை.

எங்களிடம் இருந்தது கோயில் கயிறும் சபரிமலை மாலையும்தான். இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. மாலை போட்டிருக்கும் நாட்களில் ஒரு குருசாமி, ஒரே விரதத்தில் இருக்கும் பத்துப் பேர், விடியற்காலைக் குளியல், கூட்டாகப் பஜனை எல்லாம் உண்டு. தனியாக விட முடியாததைக் கூட்டமாக விடலாம் என்று அவர்களும் கண்டிருக்கிறார்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் அந்தப் பத்துப் பேரும் கலைந்துவிடுகிறார்கள். அதன் பிறகு காவல் காக்கும் வேலை முழுவதும் மனைவி தலையில்.

மது எதிர்ப்பு வரலாற்றில் பெண்கள் இருக்கிறார்கள். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் செய்த நாகம்மையும் கண்ணம்மாளும் தொடங்கி, 2003இல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்ட பிறகு டாஸ்மாக் வாசல்களில் உட்கார்ந்த பெயர் தெரியாத பெண்கள் வரை. தெருவில் இறங்கியவர்களுக்குப் புகைப்படம் உண்டு. ஒரு துண்டுச் சீட்டில் முகவரி எழுதிக்கொண்டு பஸ் ஏறியவளுக்கு எதுவும் இல்லை. இந்தத் தேடலும் சம்பளமில்லாத வீட்டு வேலைதான். அவன் குடிப்பான், அவள் விசாரிப்பாள்.

குடிக்கிற பெண்ணுக்காக யார் விசாரிப்பது? அறுவடைக் களைப்புக்குக் குடிக்கும் கிழவியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். இளம்பெண் என்றால் அந்தப் பேச்சும் இருக்காது. 1939இலேயே மார்ட்டி மான் என்ற பெண் அந்த ஆண்கள் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்து, பிறகு வெளிப்படையாகவும் பேசினார். எங்கள் பக்கத்தில் அப்படி ஒருத்தி எழுந்து பேசினால் ஊர் அவளை வாழ விடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் 14446 என்ற இலவச எண்ணை அழைத்தேன். ஓர் இடம், அங்கிருந்து இன்னோர் இடம் என்று போய்க் கடைசியில் தஞ்சாவூரில் ஒரு கூட்டத்தின் தகவல் கிடைத்தது. பெயர் சொல்லாமல் கூடுகிறவர்கள், அதனால் இடத்தை எழுதவில்லை. முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி, நாளையும் நேரத்தையும் அவள் நீட்டிய மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

"முடியறதுக்குள்ள கடைசி பஸ் போயிடுமே டீச்சர்" என்றாள். கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர் உள்ள இருக்கறப்ப நான் எங்க உக்காந்திருக்கறது?" என்று கேட்டாள்.