திராட்சைக்கு அடிக்கிற கந்தகமும் கச்சா எண்ணெயில் இருந்தா? ஒரு பீப்பாயில் என்னவெல்லாம் இருக்கு?

கச்சா எண்ணெய் விலை ஏறினால் எல்லோர் கவனமும் பெட்ரோல் பங்க் பக்கம்தான் போகும். ஆனால், தேனி மாவட்டம் ராயப்பன்பட்டி போன்ற ஊர்களின் பன்னீர் திராட்சைத் தோட்டம் வரைக்கும் அந்த எண்ணெயின் கை நீள்கிறது. எப்படி?

பிரிப்பது எப்படி?

கச்சா எண்ணெய் என்பது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெப்பநிலையில் கொதிக்கும். பிரிப்பதன் சூட்சுமமே இதுதான்.

முதலில் உப்பையும் தண்ணீரையும் நீக்குவார்கள். பிறகு சுமார் 350 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, உயரமான கோபுரத்துக்குள் அனுப்புவார்கள். அடியில் சூடு அதிகம். மேலே போகப் போகக் குறையும். மேலேறும் ஆவி குளிர்ந்து, அந்தந்தத் தட்டில் திரவமாகும்.

எங்கே என்ன கிடைக்கும்?

• உச்சியில்: சமையல் கேஸ்
• அடுத்து: பெட்ரோல், நாப்தா
• நடுவில்: மண்ணெண்ணெய், விமான எரிபொருள்
• அதற்குக் கீழே: டீசல்
• அடியில் மிஞ்சுவது: மறுபடியும் பிரித்தால் என்ஜின் ஆயில், மெழுகு, தார்

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அதில் 'டீசல் மட்டும் போதும்' என்று எடுக்க முடியாது. எல்லாம் சேர்ந்தேதான் வரும்.

தமிழ்நாட்டில் இந்த வேலை சென்னை மணலியில் நடக்கிறது. 1965-ல் 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ்' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய சிபிசிஎல். மணலி ஆலையின் திறன் ஆண்டுக்கு 1.05 கோடி டன்.

தோட்டத்துக்கு வருவது எப்படி?

டிராக்டருக்கு டீசல் என்பது தெரிந்த கதை. நாப்தாவில் இருந்து எத்திலீன் வாயு கிடைக்கும். அதில் உருவாகும் பாலிஎத்திலீன்தான் சொட்டுநீர்க் குழாய்.

அடுத்தது கந்தகம். 2020 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள பிஎஸ்-6 விதிப்படி, பெட்ரோல், டீசலில் 10 லட்சம் பங்குக்கு 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. அதனால் ஆலைகளில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தைத் தனியாகப் பிரிக்கிறார்கள். உலகில் இன்று கிடைக்கும் கந்தகத்தில் பெரும்பகுதி எண்ணெய், எரிவாயு ஆலைகளில் இப்படி மீட்கப்படுவதுதான். திராட்சையில் சாம்பல் நோய் வந்தால் தெளிக்கிற 'நனையும் கந்தக'த்துக்கு மூலப்பொருளும் கந்தகம்தான்.

ஏன் கவனிக்கணும்?

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. எங்கோ ஒரு கடல் பாதையில் கப்பல்கள் நின்றால், வண்டிச் செலவு மட்டும் ஏறாது. குழாய், மருந்து, பழத்தைச் சந்தைக்கு அனுப்பும் லாரி வாடகை என விவசாயியின் செலவு பல பக்கமும் ஏறும். நாளைக்கு வண்டிகள் எல்லாம் மின்சாரத்துக்கு மாறினாலும், குழாய்க்கும் தாருக்கும் வேறு வழி தேட வேண்டியிருக்கும்.